நடுக்கடலில் நட்ட எல்லைக்கல்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. முழுசாகக்கூட இல்லை, கால்வாசிதான்.

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போய்க்கொண்டிருந்தேன். எந்த ஊர் தாண்டுகிறது என்று பார்க்கப் போனை எடுத்தால், மேப்பில் என்னுடைய நீலப் புள்ளி ஒரு ஏரிக்குள் நின்றது. ஜன்னலுக்கு வெளியே மரவள்ளித் தோட்டம். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது. எதைங்க நம்பறது? எங்கூர்ல ஒருத்தரு கப்பல்ல இருந்தாரு. ரெண்டையும் பாதிப் பாதி நம்பி, கப்பலைப் பாறை மேல ஏத்திப்புட்டாரு."

"எப்பங்க?"

"நான் அரைக்கால் சட்டை போட்ட காலம். எழுவத்தாறு இருக்கும்."

"அப்பறம் அவரு என்னா ஆனாரு?"

"அப்பறமா? அட, என் ஸ்டாப்பு வந்துருச்சுங்க."

இறங்கிப் போய்விட்டார். ஊர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. ஆகவே மிச்சம் முக்கால்வாசி என் சரக்கு. கப்பல் சமாசாரத்தை மட்டும் ஓய்வு பெற்ற கப்பல்காரர் ஒருவரிடம் போனில் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதில் பாதி புரிந்தது. புரியாத பாதியைக் கதையில் சேர்க்கவில்லை. தப்பு ஏதாவது இருந்தால் புரிந்த பாதியில்தான் இருக்கும்.

2.

முதல் தொடக்கம்: "கடல் கறுத்துக் கிடந்தது. அலைகள் ஆவேசமாக—"

வெட்டிவிட்டேன். நான் கடலைப் பார்த்தது மொத்தம் மூன்று தடவை, மூன்றும் மெரினாவில். அதில் ஒரு தடவை முழுக்கச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது: "வானில் நட்சத்திரங்கள் வைரங்களாய்—"

இதையும் வெட்டினேன். நட்சத்திரத்தை வைத்து வேலை பார்க்கிறவனுக்கு அது வைரமாகத் தெரியாது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிற எனக்குச் செம்புக் கம்பி என்றைக்காவது தங்கமாகத் தெரிந்திருக்கிறதா?

மூன்றாவது: "1976 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், கடத்தூரில் பஸ்ஸை விட்டு ஞானராஜ் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சின்ன மரப் பெட்டியோடும் இறங்கினான்."

இது இருக்கட்டும். கடத்தூர் எனக்குத் தெரியும். பெட்டியும் தெரியும்.

3.

ஞானராஜுக்கு முப்பத்திரண்டு வயது. சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். நடுக்கடலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் புள்ளி வைப்பது அவன் வேலை. மரப் பெட்டிக்குள் இருந்தது செக்ஸ்டன்ட். நட்சத்திரம் கடல் விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கிற பித்தளைக் கருவி. வண்டி பிடித்து நாலு மைல் உள்ளே போய் வீட்டு வாசலில் இறங்கியபோது, அவன் அம்மா மதலேனம்மாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"லீவு ரெண்டு மாசம் கழிச்சுன்னுதான எழுதியிருந்த?"

"முன்னாடியே வுட்டுட்டாங்கம்மா."

"அது என்னா பள்ளிக்கூடமா, மழை பேஞ்சா வுடறதுக்கு?"

சாப்பாட்டில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னான்.

"கப்பல் தட்டிருச்சும்மா."

"எதுல?"

"பாறையில."

மதலேனம்மாள் குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "அவ்ளோ தண்ணி கெடக்குதுன்னு சொல்லுவ. அதுல தேடிப் புடிச்சுப் போயி ஒரு பாறையில முட்டுனியா?"

நடந்தது அதுதான். இந்துமகா சமுத்திரத்தில் ஒரு பவளத் திட்டின் மேல் கப்பல் ஏறி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு கடல் மட்டம் ஏறியதும் தானாக மிதந்தது. யாரும் சாகவில்லை. அடித்தகடு கிழிந்து, உள்ளே இருந்த கோதுமை ஊறிப் போனது. மெட்ராஸில் விசாரணை. பத்து நாளைக்குள் ஞானராஜ் தன் வாக்குமூலத்தை எழுதி அனுப்ப வேண்டும். தப்பு அவனுடையது என்று முடிவானால் சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவன் கடத்தூர்ப் பக்கம் பித்தளைச் சாமான் ஒன்று வைத்திருக்கிற ஆள், அவ்வளவுதான்.

தகரப் பெட்டியில் கேப்டன் கொடுத்த கடிதம் ஒன்றும் இருந்தது. "சாட்டிலைட் இயந்திரம் தவறான இடத்தைக் காட்டியது என்று எழுது. நானும் அப்படியே எழுதுகிறேன். உனக்கு எதிர்காலம் இருக்கிறது." அந்த இயந்திரத்தைப் பராமரிப்பது ரேடியோ ஆபீசர். இயந்திரம் தப்பு என்றால் அவர் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஆகும். எதிர்காலம் அவருக்கும் இருந்ததா என்பது பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

(கப்பலுக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் யாராவது எங்கள் கப்பல் என்று சண்டைக்கு வருவார்கள். ரேடியோ ஆபீசருக்கும் இப்போதைக்குப் பெயர் இல்லை. ஞானராஜும் அந்த நாட்களில் அவரைப் பெயர் சொல்லி நினைக்கவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. எனக்கும்.)

4.

இங்கே கொஞ்சம் பாடம் வருகிறது. போனில் படிக்கிறவர்கள் விரலால் தள்ளிவிட்டுப் போவீர்கள் என்று தெரியும். தள்ளாதீர்கள், பஸ் ஹாரன் பற்றியதுதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காக்காரன் விட்ட நாலைந்து சாட்டிலைட்டுகள் வடக்கு தெற்காகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது மாதிரி எந்நேரமும் கிடைக்காது. ஒன்று வந்து போனால் அடுத்தது வர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், சில சமயம் இன்னும் கூட. வருகிறபோது அதன் சிக்னலைப் பிடித்து, பீரோ அளவுக்கு இருந்த ஓர் இயந்திரம் கணக்குப் போட்டு, கப்பல் இருக்கும் இடத்தைக் காகிதச் சுருளில் அடித்துக் கொடுக்கும். நட்சத்திரமோ சாயங்காலமும் விடியற்காலையும் மட்டும்தான், நட்சத்திரமும் கடல் விளிம்பும் ஒன்றாகத் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரம். ஆகவே விவரமான ஆபீசர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பான்.

இப்போது ஹாரன். பென்னாகரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே உங்களை நோக்கி வருகிறது. வரும்போது ஒரு சுருதி. தாண்டியதும் சுருதி இறங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ் உங்களைத் தாண்டிய நொடியைச் சொல்லிவிடலாம். ஆனால் பஸ் உங்களை உரசிக்கொண்டு போயிருந்தால், ரோட்டுக்கு இடது பக்கம் நின்றீர்களா வலது பக்கமா என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. சாட்டிலைட் உச்சந்தலைக்கு மேலே போனாலும் இதே கதைதான். நீங்கள் வடக்கே தெற்கே எங்கே இருக்கிறீர்கள் என்பதை அச்சுப்பிசகாமல் சொல்லும். கிழக்கு மேற்கில் உளறும்.

அன்றைக்கு உச்சந்தலைக்கு மேலேதான் போனது. சுருளில் அது போன உயரம் 81 டிகிரி என்று அடித்தே இருந்தது, 90 என்றால் நேர் உச்சி.*

அரை மணி கழித்து ஞானராஜ் செக்ஸ்டன்டை எடுத்தான். மேற்கே கடல் விளிம்பு கோடு கிழித்த மாதிரி இருந்தது. வடக்கே மழை மூட்டம், விளிம்பு சரியாகத் தெரியவில்லை. மேற்கு நட்சத்திரம் கிழக்கு மேற்கைச் சரியாகச் சொன்னது. வடக்கு நட்சத்திரம் வடக்கு தெற்கில் உளறியது.

ஆக, இரண்டு சாட்சியும் ஆளுக்குப் பாதி உண்மை சொன்னார்கள். யார் எந்தப் பாதியில் உண்மை சொல்கிறார் என்று பார்த்து, வடக்கு தெற்கை இயந்திரத்திடமும் கிழக்கு மேற்கை நட்சத்திரத்திடமும் வாங்கியிருந்தால் கப்பல் இருந்த இடம் அப்படியே கிடைத்திருக்கும். ஞானராஜுக்கு இது தெரியாமல் இல்லை, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கும் நடுவே எட்டு மைல். ஞானராஜ் ஸ்கேலை வைத்து அளந்து, நாலாவது மைலில், சரியாக நடுவில், புதுப் புள்ளி ஒன்று குத்தினான்.

கேப்டன் எட்டிப் பார்த்தார். "நல்ல தீர்ப்பு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்தப் புள்ளியிலிருந்து, திட்டுக்குத் தெற்கே மூன்று மைல் தள்ளிப் போகிற மாதிரி வழி போட்டான். பின்னால் கணக்குப் பார்த்ததில் தெரிந்தது: இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் கப்பல் திட்டுக்குத் தெற்கே தப்பியிருக்கும். நட்சத்திரத்தை மட்டும் நம்பியிருந்தால், முழுத் தப்பாகப் போய், திட்டுக்கு வடக்கே தப்பியிருக்கும். நடுவில்தான் திட்டு இருந்தது.

* கப்பல்காரர் போனில் சொன்னது: "எழுபதுக்கு மேல அடிச்சா சந்தேகப்படணும் சார். எங்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக் குடுத்துருவாங்க." யாரும் செய்யாத தப்பா என்று கேட்டேன். "எல்லாரும் செய்யறதுதான். ஆனா ஸ்கேல் வெச்சு நடுவுல குத்தற ஆளை நான் பார்த்ததில்ல. அவருக்கு எந்த ஊரு?"

5.

எந்த ஊர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஞானராஜின் அப்பா பிலவேந்திரன், சுத்துப்பட்டு எட்டு ஊருக்கு வரப்புத் தகராறு தீர்க்கிறவர். அவருடைய முறை எளிது. "உன் எல்லை எங்க?" என்று ஒருவனைக் கேட்டு ஒரு குச்சி நடுவார். "உன் எல்லை எங்க?" என்று அடுத்தவனைக் கேட்டு இன்னொரு குச்சி. இரண்டுக்கும் நடுவே கயிறு பிடித்து, பாதியாக மடித்து, அந்த இடத்தில் கல்லை நட்டுவிட்டு மோர் குடித்துவிட்டு வந்துவிடுவார். பத்திரம் பார்ப்பதில்லை. பார்த்தால் ஒருவன் ஜெயித்துவிடுவான்.

தீர்த்தகிரிக்கும் காளியப்பனுக்கும் தீர்ப்பு சொன்னபோது நடு, ஒரு கிணற்றுக்குள் விழுந்தது. கிணற்றில் கல் நட முடியாது. பிலவேந்திரன் அசரவில்லை. கிணற்றுக்குக் குறுக்கே ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டினார். அந்தப் பக்கம் அவனுக்கு, இந்தப் பக்கம் இவனுக்கு. பதினோரு வருஷமாக அந்தக் கிணற்றை இருவரும் தூர் வாரவில்லை. வாரினால் மண் எந்தப் பக்கத்து மண் என்று தகராறு வரும்.

மகன் எழுதத் தொடங்கிக் கசக்கிப் போட்ட காகிதங்களைப் பார்த்துக்கொண்டே பிலவேந்திரன் வெற்றிலையை மடித்தார்.

"ஏன்டா, எல்லாத்தையும் ஒரே பக்கமாவே எழுதற? கொஞ்சம் மிசின் மேல போடு, கொஞ்சம் உன் மேல போடு. கேக்கறவனுக்கும் மனசு எறங்கும்."

"அப்பிடித்தாம்பா கப்பலையும் வெச்சேன்."

"எப்பிடி?"

"ரெண்டுக்கும் நடுவுல."

பிலவேந்திரன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னாடா? நாயமாத்தான வெச்சிருக்கற!"

6.

இந்த இடத்தில் ஒரு வாரம் எழுதாமல் நிறுத்திவிட்டேன். ஞானராஜ் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவனை அப்பாவியாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்பா வளர்த்த விதம், ஊர்ப் பழக்கம், நடுவில் குத்திவிட்டான், பாவம். படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆனால் 81 டிகிரி என்று அடித்திருந்ததைப் பார்த்தவன் அவன். அந்தக் காகிதச் சுருளை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தவனும் அவன்தான். இயந்திரம் வடக்கு தெற்கைச் சரியாகச் சொன்னது, திட்டில் முட்டியதற்கு அது காரணம் இல்லை என்பதற்கு இருக்கிற ஒரே அத்தாட்சி அந்தச் சுருள். அதை ஏன் எடுத்து வந்தான்? பத்திரப்படுத்தவா, ஒழித்துவிடவா?

"ஞானராஜ் அடிப்படையில் நல்ல—" என்று ஒரு வரி எழுதினேன். முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.

எழுதிய வரைக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். "சூப்பர்ங்க. ரெண்டு பக்கமும் நாயம் இருக்குதுன்னு முடிச்சிருங்க, யாரும் கமெண்ட்ல வந்து திட்ட மாட்டாங்க" என்று பதில் போட்டார். நல்ல மனுஷர். பிலவேந்திரனுக்கு என்ன உறவோ தெரியவில்லை.

7.

ஏழாவது நாள், தீர்த்தகிரி அந்தப் பித்தளைச் சாமானைப் பார்க்க வந்தார். ஞானராஜ் அவரைக் கிணற்றங்கரைக்குக் கூட்டிப் போய், கருவியைக் கண்ணில் வைத்துக் காட்டினான். தீர்த்தகிரி எதிர்ச்சாரியில் இருந்த காளியப்பன் வீட்டை அளந்து பார்த்தார்.

"இதுல அவன் வூடு சின்னதாத் தெரியுது. நல்ல சாமானுடா மாப்ள."

கிணற்றின் குறுக்கே கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. நார் இற்றுப்போய், நடுவில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"மாமா, அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் காட்டுன எல்லையில எதுங்க நெசம்?"

"ரெண்டும் பொய்யி."

"என்னா மாமா சொல்றீங்க?"

"உங்கப்பன் நடுவுலதான் நடுவாருன்னு ஊருக்கே தெரியும். அதனால நானு பத்தடி அந்தாண்ட தள்ளிச் சொன்னேன். காளியப்பன் என்னவுட வெவரம். முப்பதடி இந்தாண்ட தள்ளிச் சொல்லிப்புட்டான். அப்ப நடுவு எங்க வந்து வுழுவும்? எவன் பெரிய பொய்யி சொல்றானோ அவம் பக்கந்தான் இழுக்கும். கெணறு முச்சூடும் எங்க பாட்டன் வெட்டுனது. பாதி போச்சு."

"இதை அப்பாகிட்ட சொல்லலீங்களா?"

"சொன்னா அடுத்த வாட்டி நடுவுல நட மாட்டாரே! அப்ப நானு எப்பிடி இதைத் திருப்பி வாங்கறது? நாப்பதடி சொல்லலாம்னு வெச்சிருக்கறேன்."

ஞானராஜ் வீட்டுக்கு நடந்து வந்தான். வரைபடம் கண்ணுக்குள் ஓடியது. இயந்திரம் வடக்கு தெற்கில் பொய்யே சொல்லவில்லை. மழை மூட்டத்தில் எடுத்த நட்சத்திரம்தான் ஐந்து மைலுக்கு மேல் பொய் சொன்னது. அவன் நியாயமாக நடந்துகொண்டு, அந்தப் பொய்க்குப் பாதிப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறான்.

பிலவேந்திரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, தீர்த்தகிரி மாமாவும் காளியப்பனும் அன்னிக்குப் பொய் சொன்னாங்களாம். ரெண்டு பேருமே."

"தெரியும்."

"தெரியுமா?"

"கல்லு நடறவனுக்குத் தெரியாதாடா? எல்லாருந்தான் சொல்லுவானுங்க."

"தெரிஞ்சுமா நடுவுல நட்டீங்க?"

பிலவேந்திரன் மாட்டின் முகத்தைத் துடைத்துவிட்டார். "நெசம் எதுன்னு பார்த்து நட்டா, தோத்தவன் கொடுவாளத் தூக்கிட்டு நம்ம வூட்டுக்கு வருவான். நடுவுல நட்டா ரெண்டு பேரும் திட்டுவானுங்க. திட்டறதோட சரி. எட்டு ஊருல கல்லு நட்டிருக்கறேன், என் மேல ஒரு கீறல் இருக்குதா பாரு."

ஞானராஜுக்கு அப்போதுதான் அந்தச் சாயங்காலம் சரியாக ஞாபகம் வந்தது. ஸ்கேலை எடுத்தபோது அவன் கப்பல் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. இயந்திரம் சரி என்று புள்ளி வைத்தால், நட்சத்திரத்தை மதிக்கும் கேப்டன் முறைப்பார். நட்சத்திரம் சரி என்று வைத்தால், இயந்திரத்துக்குச் செலவழித்த கம்பெனி கேள்வி கேட்கும். நடுவில் வைத்தால் யாரும் அவனை ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த இடத்தில் கப்பல் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அன்றைக்குத்தான் ரேடியோ ஆபீசரையும் பெயரோடு நினைத்தான். குரியன். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிற மனுஷன். சுருளைக் கிழித்துக் கையில் கொடுத்தபோது, "சாரே, இது தலைக்கு மேலே போயதாணு, சூட்சிக்கணும்" என்று மலையாளத்தில் சொல்லித்தான் கொடுத்தார். பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஞானராஜ் சரி என்று தலையாட்டியிருந்தான்.

8.

எட்டாவது நாள் காலையில், கடத்தூர் தபாலாபீஸ் வாசலில் ஞானராஜ் நிற்கிறான். அன்றைக்குப் போட்டால்தான் மெட்ராஸுக்குக் கெடு நாளுக்குள் போய்ச் சேரும். கையில் இரண்டு கவர்.

முடிவு அ: முதல் கவரில், இயந்திரம் தவறு என்று எழுதிய வாக்குமூலம். இதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுருளை அம்மாவின் அடுப்பில் போட்டுவிடுவான். மதலேனம்மாள், "என்னாடா அது, ரசீதா?" என்பார். "ஆமாம்மா" என்பான். இரண்டு மாதத்தில் வேறு கப்பல், பிறகு சீஃப் ஆபீசர், பிறகு அவனும் கேப்டன். குரியனைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கமாட்டார்கள்.

முடிவு ஆ: இரண்டாவது கவரில், "எச்சரித்தார்கள், பார்த்தேன், பழி வராத இடத்தில் புள்ளி வைத்தேன்" என்று எழுதி, சுருளையும் கூடவே மடித்து வைத்திருக்கிறான். குரியன் தப்பிப்பார். ஞானராஜுக்குக் கடல் அதோடு சரி. அவனுக்கு அப்புறம் என்ன வேலை கொடுப்பது என்று எனக்கே தெரியவில்லை. என் கடையில் வேண்டுமானால் மோட்டாருக்குச் சுருள் சுற்றச் சொல்லலாம், ஆனால் கடை அப்போது இல்லை.

மூன்றாவது கவர் ஒன்றும் இருந்தது. முந்தின நாள் பிலவேந்திரன் சொல்லச் சொல்ல எழுதியது. மிசின் மேல் கொஞ்சம், மழை மேல் கொஞ்சம், தன் மேல் கொஞ்சம். "அந்தக் காகிதத்தையும் பாதியாக் கிழிச்சு வெச்சுரு" என்றுகூடச் சொன்னார். படிப்பதற்கு அதுதான் நன்றாக இருந்தது. நானும் அதைப் போட்டுக் கதையை முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் அலைந்தேன். அப்படி முடிந்திருந்தால் ஞானராஜைப் பாதி மன்னித்து, குரியனைப் பாதி மறந்து, எல்லோரும் லைக் போட்டிருப்பீர்கள். எனக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது.

அதைக் கிழித்துவிட்டேன்.

பஸ்ஸில் இறங்கிப்போன அந்த மனுஷருக்கு முடிவு தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. தபால் பெட்டி உங்களுக்கு முன்னால் இருக்கிறது, கவர் இரண்டும் இப்போது உங்கள் கையில். எதைப் போட்டாலும் ஒருவருக்கு வேலை போகும், யாருக்கு என்று தெரிந்தே போடுங்கள். முடிவு சரியாக இல்லை என்று திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நடுவில் மட்டும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டாதீர்கள். அந்த இடத்துக்கு ஒரு கப்பலை அனுப்பிப் பார்த்தாகிவிட்டது.